டயருக்குள் போனது கரைசல் அல்ல, வெறும் தண்ணீர்

டிராக்டரின் பின் டயர்களில் எடைக்காகக் கரைசல் நிரப்பப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

டிராக்டரின் முன்னால் மாட்டிய லோடர் வாளியில் பனி அள்ளும்போது பின்சக்கரங்கள் பிடிமானமின்றி வழுக்கின. கால்சியம் குளோரைடு என்ற உப்பின் கரைசல் நிரப்பித் தரும்படி டயர்க்காரர் ஒருவரிடம் வண்டியை விட்டேன். எந்தக் குளிருக்கும் உறையாது என்று அடித்துச் சொன்னார், பில்லிலும் அப்படியே எழுதித் தந்தார்.

கடுங்குளிர் தொடங்கிய முதல் வாரத்திலேயே குட்டு உடைந்தது. காலையில் வண்டியை நகர்த்தியதும் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. இறங்கிச் சுத்தியலால் டயரைத் தட்டினேன். உச்சியில் மட்டும் தொம்மென்ற சத்தம், அதற்குக் கீழே எங்கே தட்டினாலும் பாறை. அந்தப் பத்தடி ஓட்டத்திலேயே பனிக்கட்டி டியூபை வால்வடியில் கிழித்துவிட்டது. வெயில் ஏறியதும் ரிம் துளை வழியாகச் சொட்டத் தொடங்கியது.

சொட்டியதை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துத் தராசில் வைத்தேன். சரியாக 1 கிலோ! 30 சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிலோ இருக்க வேண்டும். அது கையில் பட்டால் லேசில் காயாது, வழவழவென்று ஈரமாகவே நிற்கும். என் கையில் பட்டதோ துடைத்ததும் காய்ந்துபோனது. அதில் பேருக்குக்கூட உப்பு இல்லை. கேட்டதற்கு, "உப்பு அடியில் படிந்திருக்கும்" என்றார். முழுதாகக் கரைந்த உப்பு எப்படித் தனியே பிரிந்து படியும்? வயிறு எரிகிறது.

ஆகவே கலக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீரில் குளோரைடைக் கொட்டக் கொட்ட டிரம் நன்றாகச் சூடேறும். ஜில்லென்றே இருந்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. வால்வை உச்சியில் நிறுத்தி அந்த மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு சேரும், மீதி காற்றுக்கு. டியூப் இல்லாத டயரில் குளோரைடு வேண்டவே வேண்டாம், ரிம்மை அரித்துத் தின்றுவிடும். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

ஈடாகக் காருக்கு ஊற்றும் ஆன்டிஃபிரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) நிரப்பித் தருவதாக அவர் சொன்னபோதுதான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். கசிந்தால் நாயும் கன்றும் நக்கிவிட்டுச் சாகும். கால்நடை நடமாடும் இடத்தில் விலை கூடினாலும் புரோப்பிலீன் கிளைக்கால்தான் என் தேர்வு. ரிம் துருப்பிடிக்கக் கூடாது என்பவர்களுக்குப் சர்க்கரை பீட்ரூட் சாற்றுக் கரைசலும் இருக்கிறது.

பணம் இன்னும் திரும்பி வரவில்லை. புது டியூப் போட வேறொருவரிடம் போனேன். ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஒரு லிட்டர் எடுத்து நிறுத்துப் பார்த்த பிறகே வால்வில் குழாயை மாட்ட விட்டேன்.