கரண்ட் போனாலும் இறைக்கிற பம்ப்: ஒன்றரை வருடம் பாவித்த கதை

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. நான் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் வேலையில் நிற்கிறேன், மனைவியிடமிருந்து போன். "இஞ்சாருங்கோ, பேஸ்மென்ற்றுக்குள்ள தண்ணி ஏறுது. கரண்டும் இல்லை. கெதியா வாங்கோ." கெதியாக எங்கே வருவது? டொன் வலி பார்க்வே வெள்ளத்துக்குள் கிடந்தது, 401 நெடுஞ்சாலை ஊர்ந்துகொண்டிருந்தது. மேற்குப் பக்கம் எற்றோபிக்கோவில் இருக்கும் வீட்டுக்கு வந்துசேர இரண்டரை மணித்தியாலம். அன்று பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றர் பெய்ததாகப் பிறகு சொன்னார்கள். ஒரு ஜூலை மாதம் முழுக்கப் பெய்கிற மழையைவிடக் கூட.

கீழே இறங்கியபோது கணுக்கால் அளவு தண்ணீர். சுவரோரம் சிவப்பாக ஏதோ படர்ந்து நின்றது. இரத்தமோ என்று நெஞ்சு ஒருமுறை நின்றுபோனது. பார்த்தால் மாமி ஊரிலிருந்து வறுத்து இடித்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூள், இரண்டு கிலோ. பை வெடித்து அறை முழுக்கக் கரைந்திருந்தது. அரிசி மூட்டை ஊதிக் கிடந்தது. கலியாண அல்பம் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. காப்பெற்றைச் சுருட்டி மேலே தூக்க நான்கு பேர் தேவைப்பட்டது.

இதில் எரிச்சல் என்னவென்றால், எங்கள் வீட்டில் சம்ப் பம்ப் இருந்தது. வாங்கும்போதே இருந்தது, நல்லாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அத்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் துளைகள் போட்ட குழாய் ஒன்று ஓடும். மழைத் தண்ணீர் அதற்குள் வடிந்து, பேஸ்மென்ற் மூலையில் இருக்கிற குழிக்கு வரும். எங்கள் குழி பதினெட்டு அங்குல அகலம், இரண்டடி ஆழம். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், பம்ப் ஓடி வெளியே தள்ளும். மாமி முதல்முறை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள கிணறு வெட்டி வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான். ஊரில் கிணற்றில் தண்ணீர் ஊறவேண்டும் என்று பார்த்திருப்போம், இங்கே ஊறக்கூடாது என்று பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தப் பம்ப் சுவர்க் கரண்டில் ஓடுகிறது. பெரிய மழை வந்தால்தான் அது தேவை, பெரிய மழை வந்தால்தான் கரண்டும் போகிறது. இந்தச் சின்னக் கணக்கு எனக்கு அதுவரை ஓடவேயில்லை.

அப்புறம்தான் பற்றரியில் ஓடும் இரண்டாவது பம்ப் வாங்கினேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். கம்பனியின் பெயரைப் போடவில்லை. இந்த ரகத்தைப் பலபேர் செய்கிறார்கள், நல்லதும் கெட்டதும் அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பம்பும் சார்ஜரும் சேர்த்து 870 டாலர். பற்றரி தனியாக 290: பன்னிரண்டு வோல்ற், நூறு அம்பியர்-மணி, மூடிய ரகம். திறந்த ரகம் மலிவு, ஆனால் அதற்கு அடிக்கடி காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுப் பார்க்கவேண்டும். என்னைப் பற்றி எனக்குத் தெரியும், நான் பார்க்கமாட்டேன். கூலி 400. பூட்டியவர் நம்மவர், பருத்தித்துறைப் பக்கம். வந்ததும் பம்பைப் பார்க்கவில்லை, வெளியே போய்ச் சுவரைச் சுற்றி நடந்தார். "தம்பி, பழைய பம்ப் தண்ணியை எங்க விடுது பாத்தனீரோ? சுவரடியில. விட்ட தண்ணியே சுத்தி வந்து திரும்பக் குழிக்குள்ள விழுது. ஒரே தண்ணியை மாறி மாறி இறைச்சுக்கொண்டிருக்கிறீர்." எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. குழாயை நீட்டிச் சுவரிலிருந்து இரண்டு மீற்றருக்கு அப்பால், புல்லுச் சரிவில் விட்டுத்தந்தார். அந்த நானூறில் பாதி இந்த நடைக்கே பெறும்.

பூட்டிய அன்றே சோதித்தோம். பழைய பெரிய பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தோட்டத்து ஹோஸால் குழியை நிரப்பினேன். பெரியது இருபது செக்கனில் வெளியேற்றுகிற தண்ணீரை இது வெளியேற்ற நாற்பதுக்கு மேல் எடுத்தது. அதாவது பாதி வேகம். இத்தனை கலன் இறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அது பம்ப் தண்ணீரை மேலே தூக்காமல் சும்மா தள்ளினால் வருகிற கணக்கு. எங்களுக்குப் பத்தடி உயரம் தூக்கவேண்டும். "பத்தடியில் எவ்வளவு?" என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, நிஜச் சோதனை எப்போது? ரொம்ப நாள் காத்திருக்கவில்லை. பூட்டி இரண்டு கிழமையில், ஓகஸ்ட் 17 சனிக்கிழமை, பியர்சனில் 128.3 மில்லிமீற்றர். அந்த விமான நிலையத்தில் ஒரே நாளில் பதிவானதில் அதுதான் உச்சம். 2013 ஜூலையில் பெய்த 126ஐயும் தாண்டியது. எங்கள் தெருவில் கரண்ட் போகவில்லை. பெரியது இருக்கிறதே என்று நான் மேலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கீழேயிருந்து ஒரு கத்தல், புதுப் பம்பின் எச்சரிக்கைச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சின்னப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, பெரியது சத்தமே இல்லாமல் நிற்கிறது. அதன் மிதவை குழிச் சுவரில் சிக்கிக்கொண்டு எழும்பவில்லை. கையால் தட்டிவிட்டதும் உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்த நேரம் குழியின் விளிம்புக்கு நான்கு விரல்தான் மிச்சம். கரண்ட் இருந்தும் பம்ப் படுக்கலாம் என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை. எனக்கு இந்தச் சாமான் அன்றே விலை கழிந்துவிட்டது.

இனிக் குறைகள். முதலாவது அந்தக் கத்தல். மழையில் அது தெய்வம், மற்ற நாளில் பேய். பற்றரி வயர் கொஞ்சம் தளர்ந்ததற்கு விடியப்புறம் இரண்டு மணிக்குக் கத்தியது. நிறுத்துகிற பொத்தான் சார்ஜர்ப் பெட்டியின் அடிப்பக்கத்தில், நகத்தால் அமத்துகிற அளவில். டோர்ச் பிடித்துக் குப்புறப் படுத்துத் தேடினேன்.

இரண்டாவது, போனுக்கு வருகிற எச்சரிக்கை. இதைப் பெரிதாகச் சொல்லி விற்கிறார்கள். வீட்டு வைபையில்தான் வேலை செய்கிறது. கரண்ட் போனால் ரூட்டரும் போய்விடும், பிறகு எங்கே எச்சரிக்கை? இரண்டு மாதம் கழித்து ஒருநாள் பின்னேரம் கரண்ட் போனபோது பார்த்தேன்: கீழே பெட்டி கத்துகிறது, என் கையில் இருக்கிற போன் ஊமை. எழுபது டாலருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கரண்ட் கொடுக்கிற பற்றரிப் பெட்டி) வாங்கி ரூட்டரை அதில் கொழுவியபிறகுதான் அந்த வசதி வசதியானது. இதைப் பெட்டியில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். விடாமல் ஓடினால் ஏழெட்டு மணித்தியாலம் என்று கணக்கு வருகிறது. விட்டு விட்டு ஓடினால் ஒரு நாளுக்கு மேலும் போகும். இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இருந்தால் இது போதாது, ஜெனரேற்றர்தான். பனிக்காலத்தில் வெளிக்குழாயின் வாயையும் பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி அடைத்தால் எந்தப் பம்பாலும் தள்ளமுடியாது. நான் மார்ச்சில் உருகத் தொடங்கமுதல் மண்வெட்டியோடு போய்த் துப்புரவாக்குவேன்.

இன்னொன்று, சாக்கடைத் தண்ணீர் திரும்பி வந்தால் இந்தப் பம்ப் உதவாது. அதற்குக் குழாயில் ஒருவழி வால்வு பூட்டவேண்டும். எங்களுக்கு வந்தது மண்ணுக்குள்ளால் வந்த தண்ணீர், நாற்றமில்லை, அதனால் தப்பினோம். இன்சூரன்சிலும் இவை இரண்டும் வேறு வேறு. நான் சாக்கடைக்குத்தான் எடுத்து வைத்திருந்தேன், எங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை. உங்கள் பத்திரத்தை எடுத்து இன்றைக்கே வாசியுங்கள்.

நகரசபை உதவியும் உண்டு. நான் விண்ணப்பித்த காலத்தில் ரொறன்ரோவில் சம்ப் பம்ப் செலவில் 80 சதவீதம், உச்சம் 1,750 டாலர். கூரைத் தண்ணீர்க் குழாய் சாக்கடையோடு தொடுத்திருக்கக்கூடாது என்று நிபந்தனை இருந்தது. தொகையும் நிபந்தனையும் மாறும், வேலை தொடங்கமுதல் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள். பில் எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைந்த ஒன்று அந்தப் பொத்தானுக்கும் ஊமைப் போனுக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி இரண்டு பம்பையும் ஓடவிட்டுப் பார்க்கிறேன். பற்றரி மூடியில் மார்க்கரால் எழுதியிருக்கிறது: 2024 ஓகஸ்ட் 3. நான்காவது வருடம் மாற்றுவதாக இருக்கிறேன். மாமியின் புது மிளகாய்த்தூள் மேல்மாடி அலுமாரியில் இருக்கிறது. அதைத் திரும்பக் கீழே வைக்க அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.