மங்குக்கு அசெலாயிக் அமிலம்: நீண்ட நாள் பூசிய அனுபவம்

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் இரண்டு கன்னங்களிலும் மேலுதட்டிலும் மங்கு (மெலாஸ்மா எனும் கருந்திட்டு) படர்ந்தது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் தோல் மருத்துவர் 20 சதவீத அசெலாயிக் அமில க்ரீம் எழுதித் தந்தார். ஒரு வருடத்துக்கும் மேலாகக் காலையும் இரவும் பூசி வருகிறேன்.

ஆரம்பத்தில் பூசியதும் சுருக்கென்று எரியும், அரிக்கும். முகம் கழுவிய ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு பூசினால் எரிச்சல் குறையும். அப்புறம் பழகிவிடுகிறது.

நிறத்தில் மாற்றம் தெரிய மூன்று மாதம் போல ஆனது. தோலில் மெலனோசைட் செல்கள்தான் மெலனின் நிறமியைத் தயாரிக்கின்றன. அதற்கு டைரோசினேஸ் என்ற நொதி தேவை. அசெலாயிக் அமிலம் அந்த நொதியைத் தடுப்பதால் புதிய நிறமி உருவாவது குறைகிறது. ஏற்கெனவே மேல்தோலில் சேர்ந்துவிட்ட நிறமி, தோல் உதிர உதிரத்தான் போகும். அதனால் பொறுமை வேண்டும்.

தேமல் ஏன் வெளுப்பாகத் தெரிகிறது என்று ஆராய்ந்தபோதுதான் இந்த அமிலம் கவனத்துக்கு வந்தது. தேமலை உண்டாக்கும் பூஞ்சை இதைத் தயாரிக்கிறது. மருந்தாகப் பூசும்போது, அளவுக்கு மீறி வேலை செய்யும் மெலனோசைட்டுகளையே இது பெரும்பாலும் கட்டுப்படுத்துகிறது. என் மாநிறம் மாறவே இல்லை, திட்டுகள் மட்டும் மங்கின. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். சிவப்பழகை எதிர்பார்த்து யாரும் இதை வாங்க வேண்டாம்.

சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் இந்தச் செலவு வீண். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்குத் திட்டுகளைக் கூட்டும். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் வேண்டும். அதையும் சேர்த்துப் பூசத் தொடங்கிய பிறகு கோடையில்கூட கன்னம் திரும்பக் கருக்கவில்லை.

ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீமைப் பலரும் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் பூசுவதைப் பார்க்கும்போது பதறுகிறது. அது வேகமாகவே வெளுக்க வைக்கும், மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுப்பதும் உண்டு. ஆனால் ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். ஹைட்ரோகுவினோனை நீண்ட காலம் பூசினால் சிலருக்கு நீலம் கலந்த கருப்புத் திட்டே வந்துவிடும், அதைப் போக்குவது மிகக் கடினம். தயவுசெய்து நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள்.

கன்னத்துத் திட்டுகள் இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகின்றன. மேலுதட்டில் பாதிகூடக் குறையவில்லை. அதற்கு ட்ரானெக்சாமிக் அமில மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டேன். அது உறைந்த ரத்தம் கரைவதைத் தடுக்கும் மருந்து; எங்கள் குடும்பத்தில் காலில் ரத்தம் உறைந்தவர்கள் இருப்பதால் வேண்டாம் என்றார். க்ரீமையே தொடர்கிறேன்.