கறுப்பு ரோலில் ஒட்டியிருந்த பெயரை நம்பினேன்: கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தேவனாம்பட்டினத்தில் இருந்து வந்த அண்ணன் என் வீட்டுத் திண்ணையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டை எடுத்து வைத்தார். மூன்று வாரங்களுக்கு முன், பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் 3டி பிரிண்டரில் நான் அச்சிட்டுக் கொடுத்த ஜி.பி.எஸ். தாங்கி அது. பைபர் படகின் விளிம்பில் திருகி முடுக்கினால் கருவியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் கழுத்துப் பகுதி வாடிய கீரைத்தண்டு போல முன்பக்கமாகக் குனிந்திருந்தது.

“உடையவில்லை தம்பி, வளைந்துபோயிருக்கிறது பார்” என்றார்.

கரை திரும்பியவர், மீனை ஏலத்துக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் கருவியைக் கழற்றாமல் விட்டிருக்கிறார். பங்குனி மாதத்து உச்சி வெயில். திரும்பி வந்து பார்த்தபோது கருவி படகின் அடியில் கிடந்திருக்கிறது, திரையில் குறுக்காக விரிசல். இதைச் சொல்லிவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “மற்ற படகுகளுக்கும் இதையேதானே கொடுத்திருக்கிறாய்?”

ஆமாம். மொத்தம் 12 தாங்கிகள். அவருடையதைத் தவிர 11 வெளியே இருந்தன. கடலில் வழி காட்டும் கருவியைத் தாங்கும் பொருள் அது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வெயிலில் நிற்கும் பொருளுக்கு பிஎல்ஏ ஆகாது என்பது 3டி பிரிண்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்துக் கிடைக்கும் லாக்டிக் அமிலத்தில் இருந்து செய்யும் பிளாஸ்டிக் அது. அச்சிட எளிது, வாடை குறைவு, கொலுப் பொம்மைக்கும் பள்ளிக்கூட மாதிரிகளுக்கும் அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். நம் ஊர் வெயிலில் கறுப்பு நிறப் பொருள் அந்தச் சூட்டை எளிதில் தொட்டுவிடும். ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் 100 டிகிரி வரை தாங்கும். ஆனால் அச்சிடும்போது ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், உருகும்போது வரும் புகையும் நல்லதல்ல. பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் பக்கத்தில் அதை ஓட்ட எனக்கு மனமில்லை. இடையில் இருப்பது பி.இ.டி.ஜி., எங்கள் பேச்சில் பெட்ஜி. தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கின் நெருங்கிய உறவு. 80 டிகிரி வரை உருக்குலையாது. படகுக்கு அதுதான் என்று முடிவு செய்து, அதைச் சொல்லித்தான் பணமும் வாங்கினேன்.

பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழையை (ஃபிலமென்ட்) வழக்கமாக இணையத்தில் வாங்குவேன், ஒரு கிலோ ரோல் 990 ரூபாய். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குப் போனபோது, ஒரு சிறிய கடையில் ஃபிலமென்ட் 780 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரையோ தெருவையோ சொல்லவில்லை. கறுப்பு பெட்ஜி நான்கு ரோல் வேண்டும் என்றதும் கடைக்காரர் உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தார். ஒவ்வொரு ரோலிலும் பெட்ஜி, 1 கிலோ, 1.75 மி.மீ. என்று மட்டும் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர். அது ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி, பழைய ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்த பசைத்தடம் பழுப்பாகத் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். கேள்வி மட்டும் கேட்கவில்லை.

முதல் ரோலை 240 டிகிரியில் ஓட்டினேன், பெட்ஜிக்கு அது சரியான சூடு. இரண்டு தூண்களுக்கு நடுவே சிலந்தி வலை போல நூல் இழுத்தது. பெட்ஜி கொஞ்சம் நூல் விடும் பொருள்தான், கடலோரக் காற்றின் ஈரம் வேறு சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தரத்தில் நிற்கும் பகுதிகள் தொய்ந்தன. லேசான இனிப்பு வாசம் கூட வந்தது. பிஎல்ஏ உருகும்போது வரும் வாசம் அது. மூன்று அறிகுறிகளும் கண்முன்னே இருந்தும், ஸ்டிக்கரில் எழுதியிருந்ததற்கு ஏற்பவே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அண்ணன் வந்துபோன அன்று இரவு, ஈரம்தான் பலத்தைக் கெடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இரண்டாவது ரோலைப் பிரித்து உலர்த்தும் பெட்டியில் வைத்தேன். பெட்ஜிக்கு 65 டிகிரி, ஆறு மணி நேரம். காலையில் திறந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ரோல் முழுவதும் ஒரே கட்டியாகிக் கிடந்தது. கத்தியால் நெம்பி எடுத்த இழை வட்டம் போய்த் தட்டையாகியிருந்தது. உண்மையான பெட்ஜிக்கு 65 டிகிரியில் இப்படி ஆகாது. பிஎல்ஏவை 45 முதல் 50 டிகிரிக்கு மேல் உலர்த்தக் கூடாது என்பதற்கு இதுவேதான் காரணம். ஆக, பெயர் பொய்யாக இருந்தால் பொருள் மட்டுமல்ல, அதைக் காப்பாற்ற நாம் செய்யும் வேலையும் அதையே கெடுக்கும்.

அதற்குப் பிறகு செய்த சோதனையை நீங்களும் இன்றே செய்யலாம். எவர்சில்வர் டம்ளரில் 70 டிகிரி வெந்நீர். வெப்பமானி இல்லாவிட்டால், கொதிக்கும் தண்ணீர் மூன்று பங்கும் குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கும் கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். என்னிடம் நம்பகமான பழைய பிஎல்ஏ ஒன்றும் பெட்ஜி ஒன்றும் இருந்தன. அவற்றில் இருந்தும் இந்தக் கறுப்பு ரோலில் இருந்தும் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு துண்டு வெட்டி, ஒன்றாக உள்ளே விட்டேன். ஒரு நிமிடம் கழித்து இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கினேன். பெட்ஜி குச்சி போல விறைப்பாக நின்றது. பிஎல்ஏ வெந்த சேமியா போலத் தொங்கியது. கறுப்புத் துண்டும் அதேபோலத் தொங்கியது. கையில் எடுத்து மோதிரமாக வளைத்தேன். ஆறியதும் அந்த வளைவிலேயே இறுகிக்கொண்டது.

பிறகு தராசை எடுத்தேன். ஓட்டாத ரோல் ஒன்று உறையில்லாமல் 1,004 கிராம். முதல் ரோல் தீர்ந்து மிஞ்சியிருந்த, இழை சுற்றியிருந்த காலிச் சக்கரம் 214 கிராம். ஆக உள்ளே இருந்த இழை 790 கிராம். சக்கரத்தையும் சேர்த்து ஒரு கிலோவாக்கி விற்றிருக்கிறார்கள். 790 கிராமுக்கு 780 ரூபாய் என்றால் கிலோ 987 ரூபாய் ஆகிறது. நான் வழக்கமாகக் கொடுக்கும் 990 ரூபாய்க்கும் இதற்கும் வித்தியாசம் மூன்று ரூபாய். மலிவு என்று நம்பி பஸ் ஏறிப் போனேனே, அந்த மலிவே இல்லை.

இழையின் தடிமனும் சரியில்லை, 1.75 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரால் ஒரு மீட்டர் நீளத்தில் பத்து இடங்களில் அளந்தேன். 1.68-இல் இருந்து 1.84 வரை ஏறி இறங்கியது. நல்ல ரோலில் 0.02, மிஞ்சினால் 0.05 மி.மீ. வித்தியாசம் இருக்கும். பிரிண்டர் நீளத்தைக் கணக்கிட்டுத்தான் இழையைத் தள்ளுகிறது, அதற்குத் தடிமன் தெரியாது. 1.68 உள்ள இடத்தில் 8 சதவீதம் பிளாஸ்டிக் குறையும், 1.84 உள்ள இடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிதுங்கும். அடுக்குகள் சரியாகப் பிடித்துக்கொள்ளாமல் போவதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்த சனிக்கிழமை ஃபிளாஸ்கில் வெந்நீரோடு அந்தக் கடைக்குப் போனேன். “பெட்ஜிதான் சார், நீங்கள் சூட்டை ஏற்றி வைத்திருப்பீர்கள்” என்றார் கடைக்காரர். வாதாடாமல் டம்ளரில் வெந்நீரை ஊற்றி மூன்று துண்டுகளையும் போட்டேன். கல்லாப்பெட்டிப் பக்கம் நின்ற பையன் எட்டிப் பார்த்தான். கறுப்புத் துண்டு தொங்கியதும் கடைக்காரரின் பேச்சு மாறியது. “எங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படித்தான் சார் விற்கிறோம்.” அப்படியானால் பழைய ஸ்டிக்கரைக் கிழித்தது யார் என்று கேட்டேன். பதில் இல்லை. பிரிக்காத இரண்டு ரோல்களுக்கு 1,560 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். பிரித்த இரண்டுக்கும் முடியாது என்றுவிட்டார். உடைந்த கருவியின் பேச்சை எடுத்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

என் பக்கம் பலவீனமான இடம் பில். “பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும்” என்று அன்றைக்கு அவர் சொன்னதும் வெறும் துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டேன். அப்படிச் செய்யாதீர்கள். யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவும், ரோல்களின் படங்களும், அளவுகளைக் குறித்த தாளும் இருந்ததால் இப்போது அவற்றை வைத்துத்தான் பேசுகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பொட்டலப் பொருளின் மேல் தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. என் ரோல்களில் இவற்றில் நிகர எடை மட்டும் இருந்தது, அதுவும் பொய்.

இப்போதெல்லாம் எந்தப் புது ரோல் வந்தாலும், தெரிந்த கடையில் வாங்கியதானாலும், முதலில் எடை, பிறகு காலிப்பர், பிறகு வெந்நீர். பத்து நிமிட வேலை. எடையையும் தேதியையும் சக்கரத்தின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுகிறேன். உலர்த்துவது இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

பதினொரு தாங்கிகளில் ஒன்பதைத் திரும்ப வாங்கி, உண்மையான பெட்ஜியில் அச்சிட்டு மாற்றிக் கொடுத்துவிட்டேன். உடைந்த கருவிக்கான பணத்தை அண்ணனிடம் கொடுத்தாயிற்று. மீதி இரண்டு தாங்கிகளை வாங்கியவர்கள் என்னிடம் தொலைபேசி எண் கொடுக்கவில்லை. ஒருவர் பரங்கிப்பேட்டைப் பக்கம் என்று மட்டும் நினைவு. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் கறுப்பு ஜி.பி.எஸ். தாங்கி வாங்கிய யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், கருவியை அதில் இருந்து கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வரச் சொல்லுங்கள். பணம் எதுவும் வாங்காமல் மாற்றித் தருகிறேன்.