பாலைப் பூவுக்குப் பெயர் தேட: உடனடி ஆப்பா, ஐநேச்சுரலிஸ்டா, திறவுகோலா?

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு வசந்த காலத்தில் எடுத்த படங்களோடு திரும்பினேன். அவற்றில் நாற்பது பூக்களுக்கு மேல் பெயர் தெரியவில்லை. படத்தைக் கண்டதும் பெயர் சொல்லும் உடனடி ஆப்கள், ஏற்றிய படத்துக்குப் பலரும் சேர்ந்து பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், கேள்வி கேள்வியாகக் கேட்டுப் பெயருக்கு அழைத்துச் செல்லும் திறவுகோல் என மூன்று வழிகளிலும் தேடிப் பார்த்துவிட்டு இப்போது ஐநேச்சுரலிஸ்டிலேயே தங்கிவிட்டேன். அதனால் இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

உடனடி ஆப்களின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். படத்தைக் காட்டினால் சில நொடிகளில் பெயர் வந்துவிடும். கூகுள் லென்ஸ் பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிளான்ட்நெட்டில் இது பூ, இது இலை என்று உறுப்பைக் குறித்தும் தேடலாம். பெரிய, தனித்த தோற்றமுள்ள பூ என்றால் இவையே போதும்.

ஆனால் வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொன்று: வந்த பெயர் தவறாக இருந்தால், அது எப்போதாவது நமக்குத் தெரியவருமா?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரே ஒரு பூ. ஓடைப்படுகை மணலில் வெளிர்மஞ்சளாகப் பூத்திருந்தது. ஓர் ஆப் அதை மென்ட்சீலியா இன்வொலூக்ரேட்டா என்றது. இணையத்தில் உள்ள படங்களோடு ஒத்துப்போனதால் அந்தப் பெயரிலேயே சேமித்து வைத்தேன். பல மாதங்கள் கழித்து அதே படத்தை ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றியபோது ஒருவர் இரண்டே வரிகளில் திருத்தினார்: 'பூவுக்குள் பாருங்கள். மென்ட்சீலியாவில் மகரந்தத் தாள்கள் கொத்தாக நிறைய இருக்கும், இதில் இரண்டுதான்.' பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டுதான். அடித்தொண்டையில் செம்புள்ளிகளும் இருந்தன. கோஸ்ட் ஃப்ளவர் என்று அழைக்கப்படும் மொஹாவியா கான்ஃபெர்டிஃப்ளோரா அது. மென்ட்சீலியாவைப் போலத் தோற்றமளித்து, அதைத் தேடி வரும் தேனீக்களையே தன்னிடம் இழுத்துக்கொள்ளும் செடி. அந்தத் திருத்தம் வராமல் போயிருந்தால் இன்றுவரை தவறான பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உடனடி ஆப்பில் நமக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள பேச்சு பெரும்பாலும் அந்த நொடியோடு முடிந்துவிடுகிறது. ஐநேச்சுரலிஸ்டில் படம், தேதி, இடம் மூன்றும் ஒரே பதிவாக நிற்கின்றன. ஆண்டுகள் கழித்தும் யார் வேண்டுமானாலும் அதற்கு வேறு பெயர் முன்மொழியலாம், நமக்கும் அறிவிப்பு வரும். கணினி தரும் பரிந்துரை அங்கேயும் உண்டு. ஆனால் அது தொடக்கம் மட்டுமே. சிற்றினம் தெரியவில்லையா, பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். குடும்பத்தோடு நிறுத்தினாலும் சரி. பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துப்போனால்தான் பதிவுக்கு 'ஆய்வுத் தரம்' கிடைக்கும். அதற்கு இரண்டு பேரே போதும், அந்த இருவருமே தவறலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படித் தவறினாலும் பதிவு திறந்தேதான் இருக்கிறது.

ஒரே பதிவில் பல படங்களைச் சேர்க்க முடிவதும் பாலைப் பூக்களுக்குப் பெரிய உதவி. சூரியகாந்திக் குடும்பத்து மஞ்சள் பூக்கள் மேலிருந்து பார்த்தால் பலவும் ஒன்றுபோலவே இருக்கும். பூந்தலைக்கு அடியிலுள்ள பூவடிச் செதில்களும் தண்டின் அடியிலுள்ள இலைகளும்தான் பல நேரங்களில் வித்தியாசத்தைச் சொல்கின்றன. இப்போதெல்லாம் நேர் மேலிருந்து, பக்கவாட்டில், பூவின் அடிப்பக்கம், அடி இலைகள், முழுச்செடி என ஐந்து படங்களாவது எடுக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. பதில் வரும் நேரம் நம் கையில் இல்லை. சில பூக்களுக்கு அன்றே பெயர் வந்தது, சில மாதக்கணக்கில் அப்படியே கிடந்தன. அடையாளம் சொல்பவர்கள் குறைவாக உள்ள பாலை நிலங்களில் இது இன்னும் மெதுவாக நடக்கலாம்.

அப்புறம் திறவுகோல். கலிபோர்னியாவின் செடிகளுக்கு ஜெப்சன் ஈஃப்ளோரா என்ற செடிக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 'இப்படியா, அப்படியா' என்று படிப்படியாகக் கேட்டு நகர்த்தும் முறை அது. செடி கண்முன் இருந்தால் இதைவிட உறுதியான வழி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சூலகம் இதழ்களுக்கு மேலா கீழா, விதையின் மேற்பரப்பு சொரசொரப்பா என்றெல்லாம் அது கேட்கும், படம் பதில் சொல்லாது. இரண்டே குடும்பங்களில்தான் இதைப் பழகியிருக்கிறேன். எனவே இதைப் பற்றிய என் தீர்ப்பை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரிப்டாந்தா என்ற பேரினத்துச் செடிகளை அடையாளம் காண இந்த மூன்றில் எதை எடுத்தாலும் வெறும் பூப்படம் பெரும்பாலும் போதாது. பொடிப்பொடி வெள்ளைப் பூக்கள், சிற்றினத்தைப் பிரிப்பதோ பூ காய்ந்த பிறகு உருவாகும் குட்டிக் கொட்டைகள். என் கிரிப்டாந்தாப் பதிவுகள் எல்லாம் இன்னும் பேரினப் பெயரோடுதான் நிற்கின்றன. அடுத்த முறை சில வாரங்கள் தாமதமாகப் போய், அந்தக் கொட்டைகளை மேக்ரோ லென்ஸில் எடுத்து வர வேண்டும்.