புதியவர்களுக்கான பைக் ட்ராக் டே: சில வருட அனுபவம்

ரேஸ் ட்ராக்கில் சொந்த பைக்கை ஓட்டிப் பழகும் ட்ராக் டேக்களுக்குச் சில வருடங்களாகப் போய்வருகிறேன். பெரும்பாலும் புதியவர்கள் பிரிவில்தான் ஓட்டியிருக்கிறேன். இப்போது அதே பிரிவுக்கு வருபவர்களுக்குக் கூடமாட உதவியும் செய்கிறேன். பல அமைப்பாளர்களின் நாட்களைப் பார்த்த பிறகு என் கருத்து இது: புதியவருக்கு அந்த நாள் உருப்படியாக அமைவது பைக்காலோ டயராலோ அல்ல, பைக்கை விட்டு இறங்கியிருக்கும் நேரத்தில் அவருக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதால்தான்.

வழக்கமான ஏற்பாடு மூன்று பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் மணிக்கு 20 நிமிடம். அப்படியானால் மணிக்கு 40 நிமிடம் சும்மா இருக்கிறோம். பல இடங்களில் காலையில் ஒரு விளக்கக் கூட்டம் போடுவார்கள், அதோடு சரி. ஒரு இடத்தில் மாலைவரை எந்தப் பயிற்சியாளரும் எங்கள் பக்கம் வந்து ‘எப்படிப் போச்சு?’ என்று கேட்கவே இல்லை. கட்டிய பணத்துக்கு வட்டம் அடித்துவிட்டு வந்தோம்.

நன்றாக நடக்கும் இடங்களில் ஒரு செஷனுக்கு, அதாவது ட்ராக்கில் ஓட்டும் ஒரு 20 நிமிடத்துக்கு, ஒரே வேலைதான். 1980இல் கீத் கோட் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் தொடங்கிய பைக் ஓட்டும் பள்ளியான கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலின் முதல் நிலையே இப்படித்தான். ஆக்சிலேட்டரைக் கையாள்வது, திரும்பும் புள்ளியைத் தேர்வது, பைக்கைச் சட்டென்று சாய்ப்பது, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் இருப்பது, பார்வையை இரண்டு படியாக நகர்த்துவது என ஐந்து பாடம், ஐந்து செஷன். சாதாரண ட்ராக் டேயிலும் இதைச் செய்யலாம். செலவு ஒன்றும் அதிகமாகாது. பத்து நிமிடம் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பலன் தந்தது பிரேக்கே பிடிக்காமல் ஓட்டும் பயிற்சி. ஒரே கியர், நிதானமான வேகம், வளைவுக்கு முன் ஆக்சிலேட்டரை மட்டும் மூடுவது. பிரேக் இல்லை என்றதும் வளைவு எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டும்; கண் தானாகத் தூரம் போகும். புதியவர்களைக் கவனியுங்கள், வளைவுக்குள் வந்ததும் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள தாரையே பார்ப்பார்கள். 120 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 33 மீட்டர் கடக்கிறோம். அரை நொடி தாமதமாகப் பார்த்தால் 16 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போன கணக்கு. அந்தப் பதற்றத்தில்தான் தோள் விறைத்து, கை இறுகி, பைக் திரும்ப மறுக்கிறது. பார்வையைச் சரிசெய்தாலே பாதிப் பயம் போய்விடும்.

திரும்பும் இடத்திலும் வளைவின் உள்முனையிலும் கூம்பு வைப்பது நல்ல வழக்கம். ஆனால் நாள் முழுக்க வைத்திருந்தால் ஓட்டுபவர் ட்ராக்கைப் பார்க்காமல் கூம்பைத்தான் பார்ப்பார். மதியத்துக்கு மேல் ஒன்றிரண்டு வளைவுகளில் எடுத்துவிட வேண்டும். தாரில் ஒரு ஒட்டு, ஓரக்கல்லின் நிறம் மாறும் இடம் என்று சொந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்தவருக்கு அந்த வளைவு மறக்காது.

அடுத்த பெரிய குறை, பிரிவு பிரிக்கும் முறை. ‘நான் புதியவன், நான் நடுத்தரம்’ என்று அவரவர் சொல்வதை வைத்தே பிரிக்கிறார்கள். 1000 சிசி பைக் நேர்பாதையில் பறக்கும், வளைவில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் 300 சிசிக்காரர் வளைவில் வேகமாக இருந்தும் முந்த முடியாமல் தவிப்பார், ஏனென்றால் முந்துவது நேர்பாதையில் மட்டும் என்பது விதி. அந்த விதி புதியவர்களுக்கு அவசியம், அதைத் தளர்த்தக் கூடாது. முதல் செஷனைப் பார்த்துவிட்டு ஆட்களை மாற்றி அமைப்பதே தீர்வு. அதுவரை, மாட்டிக்கொண்டவர் கை தூக்கிக் காட்டிவிட்டு பிட் லேன் (ட்ராக்கிலிருந்து விலகி பைக்குகள் நிறுத்தும் இடத்துக்குப் போகும் பாதை) வழியாக மெதுவாகப் போய் இடைவெளி பார்த்துத் திரும்ப நுழையலாம். வம்பும் இல்லை, ஆபத்தும் இல்லை.

ட்ராக் ஓரத்தில் எச்சரிக்கைக்காகக் காட்டும் கொடிகளைத் திரையில் காட்டினால் யாருக்கும் பதிவதில்லை. முதல் சுற்றுகளில் ஒவ்வொரு கொடி மேடையிலும் நிஜக் கொடியையே காட்ட வேண்டும். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே; சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம், நிதானமாக பிட்டுக்கு வா. இந்த இரண்டாவது எல்லோருக்கும் அனிச்சையாக வர வேண்டும்.

பைக் தயாரிப்பு பற்றிச் சுருக்கமாக. டயரில் காற்றழுத்தத்தை செஷன் முடிந்து வந்த சூட்டிலேயே அளக்க வேண்டும். ஆறிய பிறகு அளந்தால் ட்ராக்கில் எவ்வளவு ஏறியது என்று தெரியாது. கண்ணாடிகளைக் கழற்றிவிடுங்கள், அல்லது டேப் ஒட்டுங்கள். பிரேக் ஆயில் பழையதென்றால் மாற்றிவிட்டே வாருங்கள். டிஓடி 4 என்ற தர பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். உடைகளில் முதுகுக் காப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். உலகின் முதன்மை பைக் ரேஸான மோட்டோஜிபியில் 2018 முதல், விழும்போது உடைக்குள் ஊதிக்கொள்ளும் ஏர்பேக் கட்டாயம். கையில் காசு இருந்தால் புது எக்ஸாஸ்ட் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

புதியவர்கள் பிரிவில் லேப் டைமர் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் காட்டும் கருவி) தடை என்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். நேரம் தெரிந்துவிட்டால் செஷனுக்குக் கொடுத்த வேலை காற்றில் போய்விடும். அதேபோல் கடைசி செஷனை விருப்பத்துக்கு விட்டு, ‘கை வலிக்கிறதா, ஒரே வளைவில் இரண்டு முறை லைன் (போக வேண்டிய வழி) தவறியதா, அப்படியானால் ட்ராக்கில் இறங்காதீர்கள்’ என்று அமைப்பாளரே மைக்கில் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை விழுபவர்கள் பெரும்பாலும் மாலையில்தான் விழுகிறார்கள். இறங்காதவர்களுக்கு அந்த 20 நிமிடத்தில் ஒரு பயிற்சியாளரோடு ட்ராக் ஓரம் நின்று மற்றவர்கள் திரும்புவதைப் பார்க்க ஏற்பாடு செய்தால், கட்டிய பணமும் வீணாகாது.