போஸ்ட்கிரெஸ் கர்சர்: சந்தாக் கணக்கில் வைத்து ஒரு மதிப்பீடு

மொரீஷியஸில் எங்கள் கோயிலின் அங்கத்தினர் சந்தாக் கணக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதில் நாமே எழுதும் பங்ஷனுக்குள் (தரவுத்தளத்திலேயே இயங்கும் சிறு நிரலுக்குள்), வினவலின் விடையை ஒவ்வொரு பதிவாக எடுத்துத் தரும் கர்சர் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன். ஒரு பதிவில் எடுத்த முடிவு அடுத்த பதிவைப் பாதிக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் கண்டதில்லை.

ஆண்டுச் சந்தா 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டுகள் பாக்கி வைத்திருப்பவர் 1,500 ரூபாய் செலுத்தினால், பங்ஷன் பழைய பாக்கியிலிருந்து தொடங்கி, முதல் இரண்டு ஆண்டுகளைத் தீர்த்து, மீதி 300 ரூபாயை 2024இல் வரவு வைத்துவிட்டு நின்றுவிட வேண்டும். பாக்கிகளை ஆண்டு வாரியாக அடுக்கி, எடுக்கும் பதிவைப் பூட்டும் 'ஃபார் அப்டேட்' சேர்த்த வினவலின் மீது கர்சரைத் திறந்து, 'ஃபெட்ச்' மூலம் ஒவ்வொன்றாக எடுத்து, 'வேர் கரண்ட் ஆஃப்' கொண்டு எடுத்த பதிவையே திருத்திக்கொண்டு போகலாம். எடுத்த பதிவு அந்தப் பரிவர்த்தனை (ஒன்றாக நிறைவேறும் கட்டளைகளின் தொகுதி) முடியும்வரை பூட்டப்பட்டிருப்பதால், தைப்பூசக் காவடியன்று இரண்டு மேசைகளில் ஒரே குடும்பத்தின் பணத்தை வாங்கினாலும் ஒரு பாக்கி இருமுறை தீர்க்கப்படுவதில்லை. கோயில் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மற்ற தரவுத்தளங்களில் இந்த வசதி இப்படி இல்லை: மைஎஸ்க்யூஎல் கர்சர் படிக்க மட்டுமே உதவும். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் பங்ஷனுக்குள்ளிருந்து அட்டவணையைத் திருத்தவே இயலாது, அதற்குத் தனியே அழைத்து இயக்கும் ஸ்டோர்டு புரொசீஜர் எழுத வேண்டும்.

வரவு செலவின் ஒவ்வொரு வரிக்கும் நேரே இருப்பைக் காட்டும் அறிக்கைக்குக் கர்சர் வேண்டாம். 2009இல் வந்த போஸ்ட்கிரெஸ் 8.4 பதிப்பிலிருந்தே உள்ள, மற்ற வரிகளையும் சேர்த்துக் கணக்கிடும் விண்டோ பங்ஷன்கள் அதை ஒரே வினவலில் தந்துவிடுகின்றன. பதிவுகளைப் படித்துக்கொண்டு போவதற்கும் 'ஃபார்' சுற்றே போதும்; அது உள்ளுக்குள் கர்சரைத்தான் பயன்படுத்துகிறது, ஆகவே முழு விடையும் ஒரேயடியாக நினைவகத்தில் ஏறுவதில்லை.

குறை சொல்ல வேண்டிய இடம், பங்ஷன் திறந்த கர்சரை அழைத்தவரிடம் ஒப்படைக்கும் ரெஃப்கர்சர். பங்ஷன் விடையை வரிவரியாகச் சேர்க்கும் 'ரிட்டர்ன் நெக்ஸ்ட்' முழு விடையையும் சேர்த்து வைத்த பிறகே திருப்பித் தருவதால், பெரிய பட்டியலுக்கு ரெஃப்கர்சரைத் திருப்பி அனுப்பிச் சிறிது சிறிதாக எடுப்பதே நல்லது. ஆனால் பரிவர்த்தனை முடிந்ததும் அது மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டளையையும் தனிப் பரிவர்த்தனையாக முடித்துவிடும் தானியங்கி கமிட் உள்ள செயலியிலிருந்து அடுத்த 'ஃபெட்ச்' கேட்டால், அப்படியொரு கர்சரே இல்லை என்ற பதில்தான் வரும். காரணம் அந்தச் செய்தியில் இருக்காது. பங்ஷனை அழைக்கும் முன்பே பரிவர்த்தனையைத் தொடங்கும் 'பிகின்' கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.