ரீல மெதுவா வாசிக்கறதா, செஷன் (பப்ல கூடி வாசிக்கறது) வேகத்துல வாசிக்கறதா?

டின் விசில்ல, அதாவது சின்ன உலோகக் குழல்ல, ஐரிஷ் ரீல்ங்கிற வேகமான ஆட்ட மெட்டு பழகுறவங்க எல்லாரும் மாட்டிக்கிற எடம் இது. மெட்ரோனோம்ல (தாளம் தட்டுற கருவி) ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, ரெண்டு தட்டுன்னு வச்சிக்கலாம்; கீழ வர்ற 80, 112 எல்லாம் நிமிஷத்துக்கு எத்தனை தட்டுங்கறது.

ரோல் (ஒரே நோட்டுக்கு நடுவுல விரல சட்டுன்னு தூக்கற கட், தட்டற டேப் ரெண்டும் சேர்ந்த அலங்காரம்): 80ல ஒரு ரோலுக்கு அரை செகண்டுக்கு மேல கிடைக்கும், கட்டும் டேப்பும் தனித்தனியா காதுல விழும். 112ல வெறும் 0.4 செகண்ட் தான், விரல் பழகலன்னா எல்லாம் கொழகொழன்னு ஆயிடும்.

மூச்சு: மெதுவா வாசிச்சா வாக்கியம் நீளும், நடுவுல ஒரு நோட்ட விட்டுட்டு மூச்சு எடுத்தே ஆகணும், எந்த நோட்டுன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்குங்க. வேகத்துல இந்தத் தொல்லை கம்மி.

ஆட்டம்: 80ல ஆடுறது கஷ்டம். ரீல்னாலே ஆடுறதுக்கு வந்தது தானே!

ஊர்ப் பழக்கமும் இருக்கு, அயர்லாந்துல டோனகால் பக்கம் பறப்பாங்க, கிழக்கு கிளேர்ல நிதானம், அந்த ஊர் ஃபிடில்காரர் மார்ட்டின் ஹேய்ஸ் மெதுவா வாசிக்கறத கேட்டா மெதுவுன்னா சோம்பல் இல்லன்னு புரியும்.

புதுசா கத்துக்கிறவங்க, தனியா வாசிக்கறவங்களுக்கு 80, ஆனா ஸ்விங் (நோட்டுங்க நீளமும் குட்டையுமா ஊஞ்சலாடுற நடை) விடாம. ஆட்டக்காரங்களோட, இல்ல பப் செஷன்ல உக்காரணும்னா 110 பக்கம் வந்துதான் ஆகணும். நான் இன்னும் 95லயே நிக்கறேன்.